690-இல் நின்றுவிட்டது: எஸ்.ஏ.ஏ.-சி03 தேர்வை இரண்டாம் முறை எழுதுவது பற்றி

வடகரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ். நடத்தும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் என்ற சான்றிதழ்த் தேர்வை, அதாவது எஸ்.ஏ.ஏ.-சி03 தாளை, சென்ற வாரம் எழுதினேன். தேர்ச்சிக்கு 1000-க்கு 720 வேண்டும். எனக்கு வந்தது 690. நான்கு மாதங்களாக, இரவுப் பணி முடிந்து வந்து காலையில் இரண்டு மணி நேரம் காணொளிப் பாடங்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று நோட்டுப் புத்தகங்கள் நிறையக் குறிப்பு எழுதியிருக்கிறேன். எந்தச் சேவையின் பெயரைச் சொன்னாலும் அது என்ன செய்யும் என்று என்னால் சொல்ல முடியும். ஆனால் தேர்வு அறையில் நான்கு விடைகளில் இரண்டை நீக்கிய பிறகு, மீதி இரண்டில் எது என்று ஏறக்குறைய ஒவ்வொரு கேள்வியிலும் திகைத்து நின்றேன்.

மதிப்பெண் அறிக்கையில், பாதுகாப்பான கட்டமைப்பு என்ற பகுதியிலும், செலவைக் குறைக்கும் கட்டமைப்பு என்ற பகுதியிலும் இன்னும் முன்னேற்றம் தேவை என்று வந்துள்ளது. முதலாவதற்கு 30 சதவீதம், இரண்டாவதற்கு 20 சதவீதம் என்பதால், தாளில் சரிபாதியில் நான் பலவீனமாக இருக்கிறேன் என்று பொருள். மறுபடி எழுத 14 நாள் காத்திருக்க வேண்டும். 150 டாலர் கட்டணத்தை வரியோடு முழுதாக மீண்டும் கட்ட வேண்டும். அதே காணொளிகளை இன்னொரு முறை பார்ப்பதா, வேறு வழியில் தயாராவதா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். வேலையில் எனக்கு லினக்ஸ் பழக்கம் உண்டு. கிளவுட் பக்கம் கை வைத்ததில்லை.

பழைய_சர்வர் எழுதியது:

வடகரை அவர்களுக்கு, இந்த 690 உங்களுக்கு எவ்வளவு வருத்தம் தந்திருக்கும் என்பது புரிகிறது. நானும் முதல் முறை தோற்றவன்தான். ஆனால் நீங்கள் சொன்ன அறிகுறி தெளிவானது. இரண்டு விடைகளை நீக்க முடிகிறது என்றால் சேவைகள் உங்களுக்குத் தெரியும். மீதி இரண்டில் திகைக்கிறீர்கள் என்றால் கேள்வியில் இருக்கும் நிபந்தனையைப் படிக்காமல் விடுகிறீர்கள். அந்த இரண்டு விடைகளும் பெரும்பாலும் வேலை செய்யக் கூடியவைதாம். ஒன்று மட்டுமே கேள்வி விதித்த நிபந்தனைக்குள் அடங்கும்.

அந்த நிபந்தனை வழக்கமாகக் கேள்வியின் கடைசி வரியில், பெரிய எழுத்தில் இருக்கும். மிகக் குறைந்த செலவு என்பது ஒன்று. மிகக் குறைந்த ‘ஆபரேஷனல் ஓவர்ஹெட்’ என்பது வேறொன்று. முன்னதற்குப் பணம் கணக்கு. பின்னதற்கு ஆட்களின் உழைப்பு கணக்கு. சர்வரை நீங்களே நிறுவி, நீங்களே புதுப்பித்து, இரவில் நீங்களே எழுந்து பார்க்க வேண்டிய எந்த விடையும் அங்கே அடிபட்டுப் போகும். ஒரே கேள்வியில் இந்த ஒரு சொற்றொடரை மாற்றினால் விடையும் மாறும். எனவே கடைசி வரியை முதலில் படித்துவிட்டு, பிறகு கதையைப் படியுங்கள்.

கதையிலும் ஒவ்வொரு சொல்லும் காரணத்தோடுதான் இருக்கும். தேர்வில் வந்த கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்பதால் நானே ஒன்று சொல்கிறேன். ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் புகைப்படங்களை எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவையில் வைத்திருக்கிறது. மூலப் படங்களை ஆண்டுக்கு ஒரு முறை திறந்தால் அதிகம், ஆனால் திறக்கும்போது உடனே வர வேண்டும். அவற்றிலிருந்து உருவாக்கிய சிறுபடங்கள் தொலைந்தாலும் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். இதில் ‘உடனே’ என்ற சொல், எஸ்3-இன் சேமிப்பு வகைகளில் கிளேசியர் ஃப்ளெக்ஸிபிள் ரிட்ரீவலையும் டீப் ஆர்க்கைவையும் வெளியே தள்ளிவிடுகிறது. முன்னதில் சாதாரணமாக மீட்க 3 முதல் 5 மணி நேரம், பின்னதில் 12 மணி நேரம் ஆகலாம். கிளேசியர் இன்ஸ்டன்ட் ரிட்ரீவல்தான் அந்த மூலப் படங்களுக்குப் பொருந்தும். ‘மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம்’ என்ற சொற்கள் அரிதாகத் திறக்கும் கோப்புகளுக்கான ஒன் ஸோன்-ஐ.ஏ.வை நோக்கி விரல் நீட்டுகின்றன, ஏனெனில் அது ஒரே அவெய்லபிலிட்டி ஸோனில், அதாவது தனித்து இயங்கும் ஒரு தரவு மையத் தொகுதியில், மட்டும் வைக்கப்படுவது, அந்த ஸோன் அழிந்தால் தரவும் போகும். எப்போது திறப்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாது என்று மட்டும் கேள்வி சொல்லியிருந்தால், பயன்பாட்டைப் பார்த்துத் தானே இடம் மாற்றும் இன்டெலிஜென்ட் டியரிங் என்று போய்விடலாம்.

மென்காற்று எழுதியது:

பழைய_சர்வர் அவர்கள் சொன்ன முறை சரி, எடுத்துக்காட்டில் ஒரு பிழை உண்டு. ஐ.ஏ. வகைகளில் ஒவ்வொரு கோப்பும் குறைந்தது 128 கிலோபைட் என்று கணக்கிடப்பட்டே கட்டணம் போடப்படும். சிறுபடம் ஒன்று 15 கிலோபைட் இருந்தால், ஒன் ஸோன்-ஐ.ஏ.வில் வைப்பது சாதாரண வகையான ஸ்டாண்டர்டில் வைப்பதைவிடச் செலவு அதிகமாகும். அதற்கு மேல், சிறுபடங்களை ஓயாமல் திறப்பார்கள். ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் ஐ.ஏ.வில் தனிக் கட்டணம் உண்டு.

பழைய_சர்வர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். சிறுபடம் என்பதை விட்டுவிட்டு, பெரிய காணொளியின் மறுவடிவக் கோப்புகள், அவற்றையும் எப்போதாவது மட்டுமே திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து ஆண்டு அனுபவம் இருந்தும் கட்டணப் பக்கத்தின் அடிக்குறிப்பைத் தவறவிட்டேன் பாருங்கள். வடகரை அவர்களுக்குச் செலவுப் பகுதியில் மதிப்பெண் போனதும் இத்தகைய இடங்களில்தான் இருக்கும்.

மென்காற்று எழுதியது:

இனி என் ஆலோசனை. படிக்கும் முறையை மாற்றினால் மட்டும் போதாது. கை வைக்காமல் இந்தத் தாளைத் தாண்டுவது கடினம், குறிப்பாகப் பாதுகாப்புப் பகுதியை. சர்வரைக் காக்கும் செக்யூரிட்டி குரூப் ‘ஸ்டேட்ஃபுல்’, வலையமைப்பின் ஒரு பகுதியைக் காக்கும் நெட்வொர்க் ஏ.சி.எல். ‘ஸ்டேட்லெஸ்’ என்று எல்லாக் குறிப்பேட்டிலும் எழுதியிருக்கும், உங்கள் மூன்று நோட்டுகளிலும் இருக்கும். நானும் எழுதி வைத்திருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, 10.0.0.0/16 என்ற முகவரி வரம்பில் ஒரு வி.பி.சி., அதாவது கிளவுடுக்குள் எனக்கான தனி வலையமைப்பு, உருவாக்கி, அதில் சப்நெட் என்ற ஓர் உட்பகுதியைப் பிரித்து, ஒரு வெப் சர்வரை நிறுவி, புதிய ஏ.சி.எல். ஒன்றை இணைத்து, உள்ளே வர 80-ஆம் போர்ட் (வலைப்பக்கங்களுக்கான வாயில் எண்), வெளியே போக 80-ஆம் போர்ட் என்று விதி எழுதினேன். பக்கம் திறக்கவில்லை. செக்யூரிட்டி குரூப்பைப் பார்த்தேன், எது எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் ரூட் டேபிளைப் பார்த்தேன், சர்வரை இரண்டு முறை நிறுத்தி எழுப்பினேன். மதியச் சாப்பாடு ஆறிப் போனது.

கோளாறு வெளியே போகும் விதியில் இருந்தது. உலாவி என் கணினியிலிருந்து 80-ஆம் போர்ட்டைத்தான் தட்டுகிறது, ஆனால் பதில் திரும்பிப் போவது என் கணினி தற்காலிகமாகத் திறந்து வைத்திருக்கும் ஏதோ ஒரு பெரிய எண் போர்ட்டுக்கு. செக்யூரிட்டி குரூப் வந்தவரை நினைவில் வைத்திருந்து பதிலைத் தானே வெளியே விடும். ஏ.சி.எல்.-க்கு நினைவு இல்லை. வெளியே போக 1024 முதல் 65535 வரை திறந்துவிட்ட நொடியில் பக்கம் வந்தது. அந்த ஒரு மதியத்துக்குப் பிறகு ‘ஸ்டேட்லெஸ்’ என்ற சொல்லை நான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை. வெளியிலிருந்து நேரே அணுக முடியாத சர்வர்களை இணையத்துக்குப் போகவிடும் நாட் கேட்வேயை உருவாக்கிப் பார்த்துவிட்டு அதை நீக்க மறந்தேன், அதுவும் இரண்டு ஸோனில் இரண்டு. 19 நாள் கழித்துத்தான் கட்டணப் பக்கத்தைத் திறந்தேன். வட விர்ஜீனியா ரீஜியனில் ஒரு நாட் கேட்வேக்கு மணிக்கு 0.045 டாலர், 456 மணி நேரம், இரண்டு கேட்வே, ஏறத்தாழ 41 டாலர். அவற்றோடு ஒட்டியிருந்த இரண்டு பொது ஐ.பி. முகவரிகளுக்கும் மணிக்கு 0.005 டாலர் வீதம் தனியாக நாலரை டாலர். 2024 பிப்ரவரி முதல் பொது ஐ.பி.வி4 முகவரி பயன்பாட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காசுதான். தவறு முழுக்க என்னுடையது. கணக்குத் தொடங்கியதும் முதல் வேலையாக ஒரு பட்ஜெட் எச்சரிக்கை வையுங்கள்; அது மின்னஞ்சல் அனுப்புமே தவிர எதையும் நிறுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

புதுவரவு எழுதியது:

நானும் இதே தேர்வுக்குத் தயாராகிறேன். என் ஊரில் ஒரு பயிற்சி நிலையத்தில் ‘டம்ப்’ என்று 700 கேள்விகளை விடையோடு தருகிறார்கள். அதைப் படித்தாலே போதும், அப்படியே வரும் என்கிறார்கள். இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

பழைய_சர்வர் எழுதியது:

தேர்வுக்கு முன் நீங்கள் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கே அது எதிரானது, கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்யும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. இதைச் சொல்லியும் கேட்காதவர்களுக்காக இன்னொரு காரணம்: அந்தக் கோப்புகளில் விடைகள் தவறாகவும் பழசாகவும் இருக்கின்றன. எஸ்3-இல் கோப்பை மாற்றி எழுதிய உடனே படித்தால் பழைய வடிவம் வரலாம் என்று ஒரு விடை இருந்தால், அது 2020 டிசம்பருக்கு முந்தையது. அப்போதிலிருந்து எஸ்3 எழுதியதை உடனே சரியாகக் காட்டுகிறது. வேகம் வேண்டுமானால் கோப்புப் பெயரின் முன்னால் தாறுமாறான எழுத்துகளைச் சேர்க்க வேண்டும் என்று இருந்தால், அது 2018 ஜூலைக்கும் முந்தையது. இந்த சி03 தாளே 2022 ஆகஸ்ட் இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. 700 கேள்வியில் எது செல்லும், எது செல்லாது என்று பிரித்தறியும் அறிவு உங்களுக்கு இருந்தால், அந்தக் கோப்பே உங்களுக்குத் தேவையில்லை.

மாதிரித் தேர்வு வேறு, டம்ப் வேறு. நல்ல மாதிரித் தேர்வில் ஒவ்வொரு விடைக்கும், தவறான விடைகளுக்கும் சேர்த்து, காரணம் எழுதியிருக்கும். அந்தக் காரணத்தைப் படிக்காமல் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு தாளை ஐந்து முறை எழுதுபவர்களையும் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் முறை 95 வருவது நினைவாற்றலுக்கு வந்த மதிப்பெண்.

திண்ணைவாசி எழுதியது:

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். எனக்கு இந்தத் தேர்வில் பாதிச் சிரமம் ஆங்கிலத்தால் வந்தது. தமிழில் இந்தத் தேர்வு இல்லை. 65 கேள்விகளுக்கு 130 நிமிடம், கேள்விக்கு இரண்டு நிமிடம். ஆறு வரிக் கதையும், மூன்று வரி நீளத்தில் நான்கு விடைகளும் என்றால் படித்து முடிக்கவே ஒன்றரை நிமிடம் போய்விடுகிறது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு ஆங்கிலத் தாளில் 30 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். சான்றிதழ்க் கணக்குக்குள் சென்று, சிறப்பு ஏற்பாடுகள் என்ற இடத்தில் கேட்க வேண்டும். தேர்வுக்கு நாள் குறிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்; குறித்த பின் கேட்டால் அந்தத் தேர்வுக்குச் செல்லாது. ஒரு முறை பெற்றால் அடுத்தடுத்த தேர்வுகளுக்கும் தொடரும்.

வடகரை எழுதியது:

இது எனக்குத் தெரியவே தெரியாது. கடைசி எட்டுக் கேள்விகளை நான் ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு குறித்தேன். ஆனால் ஒரு தயக்கம் இருக்கிறது: நான் ஆங்கிலத்தில்தான் வேலை செய்கிறேன், வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில்தான் மின்னஞ்சல் எழுதுகிறேன். அந்தச் சலுகையைக் கேட்பது முறையாகுமா?

திண்ணைவாசி எழுதியது:

உங்கள் தாய்மொழி ஆங்கிலமா என்பதுதான் கேள்வி, நீங்கள் ஆங்கிலம் அறிந்தவரா என்பதல்ல. வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய_சர்வர் எழுதியது:

முறைதான். அது மட்டுமின்றி, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எதையும் காலியாக விடாதீர்கள். 65-இல் 15 கேள்விகள் மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகள், அவை எவை என்று சொல்ல மாட்டார்கள். கேள்விப்பட்டே இராத ஏதோ ஒன்று வந்தால், ஒன்றைக் குறித்துவிட்டு, கொடி போட்டுவிட்டு நகருங்கள். ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகத் தேற வேண்டும் என்ற விதியும் இல்லை. மொத்தத்தில் 720 வந்தால் போதும்.

இப்போது உங்களுக்கு ஒரு பயிற்சி. ஒரு நிறுவனத்தின் ஈ.சி.2 என்ற வாடகைச் சர்வர்கள் இரண்டு ஸோன்களில், வெளியிலிருந்து அணுக முடியாத தனி சப்நெட்டுகளில் இருக்கின்றன. அதே ரீஜியனில் உள்ள எஸ்3 பக்கெட் என்ற கோப்புக் கொள்கலனிலிருந்து அவை நாள்தோறும் பெரும் அளவில் தரவு இறக்குகின்றன. இப்போது அது நாட் கேட்வே வழியாகப் போகிறது, கட்டணம் ஏறிவிட்டது. போக்குவரத்து இணையத்தைத் தொடக் கூடாது. செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். விடைகள்: ஒவ்வொரு ஸோனிலும் தனி நாட் கேட்வே வைப்பது. நாட் கேட்வேக்குப் பதில் சிறிய ஈ.சி.2 ஒன்றையே நாட்டாக மாற்றுவது. எஸ்3-க்கு இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்ட், அதாவது ஒரு வகை உள்வழி, வைப்பது. எஸ்3-க்கு கேட்வே எண்ட்பாயிண்ட் வைப்பது.

வடகரை எழுதியது:

முதல் இரண்டும் நாட் என்பதால் நீக்கினேன். வழக்கம்போல் இரண்டு மீதம். இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்ட் என்கிறேன். அதற்குத் தனி ஐ.பி. முகவரி உண்டு, செக்யூரிட்டி குரூப் போடலாம், ஆகவே பாதுகாப்பு அதிகம்.

மென்காற்று எழுதியது:

இங்கேதான் உங்கள் முப்பது மதிப்பெண் போயிருக்கிறது. பாதுகாப்பு அதிகம் வேண்டும் என்று கேள்வி கேட்கவில்லை. இணையத்தைத் தொடக் கூடாது என்று மட்டுமே கேட்டது, அதை இரண்டும் நிறைவேற்றுகின்றன. பிறகு செலவு மிகக் குறைவு என்றது. இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்ட் மணிக்கும் ஜி.பி.க்கும் கட்டணம் வாங்கும், அதில் மணிக்கட்டணம் இரண்டு ஸோனுக்கு இரண்டு மடங்கு. கேட்வே எண்ட்பாயிண்டுக்குக் கட்டணமே இல்லை. அது ரூட் டேபிளில் ஒரு வரிதான்.

வடகரை எழுதியது:

அப்படியானால் இலவசமாக ஒன்று இருக்கும்போது, காசு கொடுத்து இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்டை எஸ்3-க்கு யார் வைப்பார்கள்? அது விடையாக வரும் கேள்வியே இருக்காதா?

பழைய_சர்வர் எழுதியது:

நல்ல கேள்வி, இதைக் கேட்டவர் அடுத்த முறை திகைக்க மாட்டார். கேட்வே எண்ட்பாயிண்ட் அந்த வி.பி.சி.க்குள் இருப்பவர்களுக்கு மட்டும் பயன்படும். அலுவலகத் தரவு மையத்திலிருந்து டைரக்ட் கனெக்ட் என்ற தனித்தடம் வழியாகவோ வி.பி.என். வழியாகவோ வருபவர்களும், பியரிங் செய்த, அதாவது நேரடியாக இணைத்த, வேறொரு வி.பி.சி.யிலிருந்து வருபவர்களும் அதை வழியாகக் கொள்ள முடியாது. அவர்களுக்குப் போய்ச் சேர ஒரு தனி ஐ.பி. முகவரி வேண்டும், அதைத் தருவது இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்ட். மேலே உள்ள கதையில் ‘நிறுவனத்தின் சென்னைத் தரவு மையத்திலிருந்தும் இதே பக்கெட்டை அணுக வேண்டும்’ என்று ஒரு வரி சேர்ந்திருந்தால் உங்கள் விடையே சரி. நான்கு விடைகளும் மாறாமல் இருக்க, ஒரு வரிதான் சரியான விடையை இடம் மாற்றுகிறது.

இதே வகையில் இன்னொன்றையும் மாலைக்குள் யோசித்துப் பாருங்கள். எஸ்.க்யூ.எஸ். என்ற செய்தி வரிசையிலிருந்து ஆர்டர்களை எடுத்துச் செயலாக்கும் சர்வருக்கு ஓர் ஆர்டரை முடிக்க 4 நிமிடம் ஆகிறது. சில வாடிக்கையாளர்களுக்கு ஒரே ஆர்டருக்கு இரண்டு உறுதி மின்னஞ்சல்கள் போகின்றன. வரிசையின் அமைப்புகள் எதையும் யாரும் மாற்றவில்லை.

வடகரை எழுதியது:

முதலில், இரட்டிப்பைத் தவிர்க்கும் ஃபைஃபோ வகை வரிசைக்கு மாற்ற வேண்டும் என்று எழுதிவிட்டு அழித்தேன். ‘யாரும் மாற்றவில்லை’ என்ற சொற்கள் காரணத்தோடு இருக்கின்றன என்று நினைத்து ஆவணத்தைத் திறந்தேன். செய்தியை ஒருவர் எடுத்த பின் மற்றவர் கண்ணில் படாமல் மறைத்து வைக்கும் நேரம், அதாவது விசிபிலிட்டி டைம்அவுட், இயல்பாக 30 விநாடி. 4 நிமிட வேலை முடிவதற்குள் செய்தி மறுபடி வெளியே வந்து, இன்னொரு சர்வர் எடுத்துவிடுகிறது. அந்த நேரத்தை 4 நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டும்.

பழைய_சர்வர் எழுதியது:

சரி.

வடகரை எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். புதிய கணக்கு ஒன்று தொடங்கினேன். 2025 ஜூலை 15 முதல் சேர்பவர்களுக்குப் பழைய பன்னிரண்டு மாத இலவசத் திட்டம் இல்லை, தொடக்கத்தில் 100 டாலரும், சொன்ன பயிற்சிகளைச் செய்தால் மேலும் 100 டாலர் வரையும் வரவாக வைக்கிறார்கள். எனக்கு அது தாராளமாகப் போதும். கூடுதல் 30 நிமிடம் கேட்டுப் பெற்ற பிறகே தேர்வுக்கு நாள் குறித்தேன். இப்போது திரையில் 160 நிமிடம் என்று காட்டுகிறது.

நேற்று மென்காற்று அவர்களின் வழியில் ஒரு வி.பி.சி. அமைத்தேன். பொது சப்நெட்டில் ஓர் இடைச் சர்வர், தனி சப்நெட்டில் அமேசான் லினக்ஸ் 2023 சர்வர் ஒன்று, நடுவில் நாட் கேட்வே. எல்லாம் வேலை செய்ததைப் பார்த்த பின், எஸ்3-க்கு கேட்வே எண்ட்பாயிண்டை வைத்து, தனி சப்நெட்டின் ரூட் டேபிளோடு இணைத்தேன், ‘பி.எல்.’ என்று தொடங்கும் ஒரு புதிய வரி தானாக வந்து சேர்ந்தது. பிறகு நாட் கேட்வேயை நீக்கினேன். ரூட் டேபிளில் அதன் வரி ‘பிளாக்ஹோல்’, அதாவது போக வழியில்லை, என்று மாறியது. இடைச் சர்வர் வழியாக உள்ளே போய், பக்கெட்டிலிருந்து ஒரு கோப்பை இறக்கினேன், வந்தது. வெளியே ஓர் இணையதளத்தை கர்ல் கட்டளையால் அழைத்தேன், பதில் இல்லாமல் அப்படியே நின்றது. இதுவரை எதிர்பார்த்தபடிதான்.

ஆனால் விளையாட்டாக, மென்பொருளைப் புதுப்பிக்கும் டி.என்.எஃப். அப்டேட் கட்டளையைக் கொடுத்தால், அது தடையே இல்லாமல் ஓடுகிறது. இணையமே இல்லாத சர்வருக்கு மென்பொருள் தொகுப்புகள் எங்கிருந்து வருகின்றன? நாட் கேட்வே உண்மையில் நீங்கவில்லையோ என்று இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

மென்காற்று எழுதியது:

நீங்கிவிட்டது, பயப்பட வேண்டாம். அமேசான் லினக்ஸின் தொகுப்புக் களஞ்சியங்கள் எஸ்3-இல் வைக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் திறந்துவைத்த அதே எண்ட்பாயிண்ட் வழியாகத்தான் அவை வருகின்றன. உபுண்டு சர்வர் ஒன்றை அதே சப்நெட்டில் வைத்து, அங்கே அதே வேலையைச் செய்யும் ஏ.பி.டி. அப்டேட் கொடுத்துப் பாருங்கள், நின்றுவிடும். எண்ட்பாயிண்டுக்கு உங்கள் பக்கெட்டை மட்டும் அனுமதிக்கும் பாலிசி எழுதினால், அமேசான் லினக்ஸிலும் டி.என்.எஃப். நின்றுபோகும், அதையும் ஒரு முறை செய்து பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் போங்கள்.

நாட் கேட்வேயோடு இருந்த பொது முகவரியை, அந்த எலாஸ்டிக் ஐ.பி.யை, விடுவித்துவிட்டீர்களா?

வடகரை எழுதியது:

இல்லை. இதோ போகிறேன்.